பின்னிருக்கையில் நம்மாள் ஒருவன்

பியென் ஹொவா விமானத்தளம், தென் வியட்நாம்
12 ஆகஸ்ட் 1962

அன்புள்ள தாம் அக்காவுக்கு,

தம்பி கியெம் வணங்கி எழுதுவது. நான் சுகம். நீயும் சென் குட்டியும் சுகமா? தோங் மச்சானின் முழங்கால் வலி தேவலையா?

ஒரு பெரிய செய்தி. நான் இனிமேல் கிடங்கில் போர்வை மடிப்பவன் இல்லை. போன வாரம் கிடங்கு அதிகாரி கூப்பிட்டு, "டேய், நாளையிலேருந்து நீ பறக்கப் போறே" என்றார். வேடிக்கை என்று நினைத்துச் சிரித்தேன். மறுநாள் காலையில் தலையில் ஒரு ஹெல்மெட்டை மாட்டி ஓடுதளத்துக்கே இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர் உட்காரும் விமானம். முன்னால் விட்லாக் என்ற அமெரிக்கக் கேப்டன். நம் வீட்டு வாசலில் நுழைந்தால் தலை இடிக்கும், அவ்வளவு உயரம். வெயில் பட்டு வெந்த இறால் மாதிரிச் சிவந்த முகம். பின்னால் நான். ஆனால் விமானத்தின் மேல் தீட்டியிருப்பது நம் நாட்டுச் சின்னம், அக்கா! "அவங்க சண்டை போட வரலை. நமக்குக் கத்துக்குடுக்க வந்திருக்காங்க" என்று மொழிபெயர்ப்பாளர் சொன்னார். அப்படியானால் நான் மாணவன். முதல் பாடமும் நடந்தது: "பின்னாடி உக்காரு. எதையும் தொடாதே. வாந்தி வந்தா பையில எடு."

வந்தது. பையில்தான் எடுத்தேன்.

அம்மா போன பிறகு என்னை வளர்த்து ஆளாக்கியவள் நீ. உன் தம்பி மேகத்துக்கு மேலே போய்வந்ததை உனக்குத்தான் முதலில் சொல்கிறேன். உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் தம்பி
கியெம்


ராச் சாய்
3 அக்டோபர் 1962

அன்புத் தம்பி கியெமுக்கு,

அக்கா ஆசிகளோடு எழுதுவது. எல்லாரும் சுகம். உன் மச்சானின் முழங்கால் மட்டும் மழை வந்தால் அவருக்கு முன்னால் அழுகிறது.

நாங்கள் இப்போது பழைய வீட்டில் இல்லை. சிப்பாய்கள் வந்து, கொரில்லாப் போராளிகளிடமிருந்து எங்களைக் காப்பாற்றப் போவதாகச் சொல்லி, எங்கள் கையாலேயே கூரையைப் பிரிக்கவைத்தார்கள். புதுக் குடியிருப்பைச் சுற்றி அகழி, கூர் சீவிய மூங்கில், முள்கம்பி. இருட்டுவதற்குள் கதவைச் சாத்திவிடுவார்கள். தென்னந்தோப்பும் வாத்துகளும் வெளியே, நாங்கள் உள்ளே. உன் மச்சான் சும்மா இருப்பாரா? காவலாளியிடமே கேட்டுவிட்டார்: "திருடனுக்குப் பயந்து வேலி போடுவாங்க, இல்லன்னா மாடு ஓடிப்போகாம இருக்கப் போடுவாங்க. இது எதுக்கு?" அவனும் சிரித்துவிட்டான், பாவம்.

உன் கடிதத்தை உரக்கப் படித்தேன். "படிக்கப் போனவன் எதையும் தொடக்கூடாதுன்னா அது என்ன படிப்பு?" என்கிறார். ஆனால் படகுத்துறையில் ஒருவர் விடாமல் எல்லாரிடமும் "என் மச்சினன் விமானத்துல இருக்கான்" என்று சொல்லியாகிவிட்டது. வானத்தில் எது போனாலும் சென் கையாட்டுகிறாள். "மாமா ஏன் திருப்பி ஆட்டலை?" என்று அழுகை வேறு. ஒரு தரமாவது ஆட்டு.

நேரத்துக்குச் சாப்பிடு.

அக்கா
தாம்


பியென் ஹொவா
18 ஜனவரி 1963

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகம் என்றுதான் எழுத வேண்டும். எழுதிவிட்டேன். நீங்கள் எல்லாரும் சுகமென்று நம்புகிறேன்.

மச்சான் கேட்டது சரி. இது படிப்பே இல்லை. போன மாதம் எனக்குக் காய்ச்சல், எழுந்திருக்க முடியவில்லை. இன்றைக்கு விமானம் போகாது என்று நினைத்தேன். போனது. சமையற்கட்டில் பாத்திரம் தேய்ப்பவனைப் பிடித்து என் இடத்தில் உட்காரவைத்துக்கொண்டு போனார்கள்! திரும்பி வந்தவன் நேராக என் கட்டிலில் வந்து விழுந்தான். மொழிபெயர்ப்பாளரிடம் சண்டைக்குப் போனேன். "ஏன்டா குதிக்கிறே? நம்மாளு ஒருத்தன் உள்ள இருந்தாத்தான் அவங்க குண்டு போடலாம். அதான் சட்டம். அது நீயா இருந்தா என்ன, அவனா இருந்தா என்ன?" என்றார். அமெரிக்கர்கள் இங்கே சண்டை போடவில்லை என்று அவர்கள் நாட்டு மக்களிடம் சொல்லியிருக்கிறார்களாம். பின்னிருக்கையில் நம்மாள் ஒருவன் இருந்தால் அது சண்டை இல்லை, பயிற்சி. எங்களுக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் மணல் மூட்டை.

எனக்கு வந்த ஆங்கிலத்தில் விட்லாக்கிடம் கேட்டேன், எப்போது கற்றுத் தருவாய் என்று. சிரித்தபடி என் முதுகில் தட்டினார். "காகிதத்துல நீ நல்ல மாணவன், கியெம்" என்றார். அந்தக் கையைத் தட்டிவிட்டேன்.

இதற்காகத்தான் அவசரமாக எழுதுகிறேன்: வேலிக்கு வெளியே யார் நடமாடினாலும் எதிரி என்றுதான் கணக்கு. மேலேயிருந்து பார்த்தால் எல்லாத் தோப்பும் ஒன்றுபோலவே இருக்கிறது. நம் தோப்புப் பக்கம் யாரும் போக வேண்டாம். மச்சானிடம் கண்டிப்பாகச் சொல். தேங்காய் அழுகினால் அழுகட்டும்.

தெத் புத்தாண்டுப் பண்டிகைக்கு எனக்கு விடுப்பு இல்லை. எனக்கும் சேர்த்து நீயே சாப்பிட்டுவிடு.

தம்பி
கியெம்


ராச் சாய்
9 ஜூன் 1963

தம்பிக்கு,

சுகம். சென் சுகமாக இருக்கிறாள். உன் கடிதம் வந்தது. பண்டிகை நேரம், ஆற்றைக் கடக்கும் பரிசலும் ஓடவில்லை. அதனால் தாமதமாகத்தான் வந்தது.

வாத்துகளை விற்றுவிட்டேன்.

அக்கா


பியென் ஹொவா
22 செப்டம்பர் 1963

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகம். நீ சுகமா என்று கேட்கவே பயமாக இருக்கிறது, நாலு வரியில் அப்படி ஒரு கடிதம் எழுதினால் நான் என்ன நினைப்பது? உன்மேல் எனக்குக் கோபம். மச்சானிடம் கண்டிப்பாகச் சொல் என்று எழுதினேனே, அவர் என்ன சொன்னார் என்றாவது எழுத மாட்டாயா? எனக்கு யாரிடமிருந்து கடிதம் வருகிறது, உன்னைத் தவிர?

விட்லாக் ஊருக்குப் போய்விட்டார். போகும் முன் ஒருநாள் கொஞ்சம் குடித்திருந்தார், கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரவைத்தார். வீட்டில் சோளக்காடு, இரண்டு பெண் குழந்தைகள். "நான் இங்க செத்திருந்தா பயிற்சியில விபத்துன்னுதான் என் பெண்டாட்டிக்கு எழுதியிருப்பாங்க. சண்டையே நடக்கலையே, சண்டையில எப்படிச் சாவேன்?" என்றார். அவருக்காகப் பரிதாபப்படலாமா என்று பார்த்தேன். வரவில்லை. அவர் வீட்டுக்குப் போகிறார். புதிதாக இன்னொருவன் வந்து முன்னிருக்கையில் உட்கார்ந்துவிட்டான். அவனுக்கு என் பெயர்கூடத் தெரியாது.

பதில் போடு. நீளமாகப் போடு.

உன் தம்பி
கியெம்


ராச் சாய்
16 பிப்ரவரி 1964

தம்பிக்கு,

நானும் சென்னும் சுகம். பண்டிகை வந்துபோயிற்று. இலையில் கட்டி அவிக்கும் ஒட்டரிசிப் பலகாரம் செய்யவில்லை.

சைகோனில் அரசு கவிழ்ந்ததும் இங்கே எல்லாம் தலைகீழாயிற்று. அந்த முள்கம்பி வேலியைப் பிடுங்கி எடுத்துவிட்டார்கள். அகழியைக்கூடப் பாதி தூர்த்தாயிற்று. வேலி போட்டது தப்பு என்று இப்போது சொல்கிறார்களாம். வேலியைப் போட்ட அதே சிப்பாய்கள்தான் வந்து பிடுங்கினார்கள். நான் வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒருவன் குடிக்கத் தண்ணீர் கேட்டான். கொடுக்கவில்லை.

மச்சானைப் பற்றிக் கேட்கிறாய். அவர் தோப்பில்தான் இருக்கிறார். அங்கேயே இருப்பார்.

அக்கா


பியென் ஹொவா
20 ஏப்ரல் 1965

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம் விசாரிக்கிற மனநிலையில் நான் இல்லை, மன்னித்துக்கொள். நீ ஒரு வருஷமாகக் கடிதமே போடவில்லை. நானாவது எழுதுகிறேன்.

என்னை இறக்கிவிட்டுவிட்டார்கள். ஹெல்மெட்டோடு ஓடுதளத்தில் நிற்கிறேன். புதிதாக வந்த ஒரு பையன், என்னைவிடச் சின்னவன், ஈ ஓட்டுவது போலக் கையை ஆட்டினான். "நீ வேண்டாம். சட்டம் மாறிடுச்சு. இனிமே நாங்களே போவோம்." அவ்வளவுதான். இப்போது விமானங்களில் அவர்கள் நாட்டுச் சின்னத்தையே தீட்டிவிட்டார்கள், ஒளிவு மறைவு கிடையாது. காது கிழிகிற ஜெட் விமானங்கள். தா நாங் கடற்கரையில் அவர்களுடைய காலாட்படையே வந்து இறங்கிவிட்டதே, கேள்விப்பட்டிருப்பாய். பயிற்சி என்ற பேச்சை இப்போது யாரும் எடுப்பதில்லை. இது யாருடைய சண்டை என்று கேட்டால், அவர்களுடையது. நாங்கள் கூலிகள்.

நான் இப்போது குண்டு ஏற்றுகிற வேலையில் இருக்கிறேன். அவ்வளவு நாள் என்னைக் கேடயமாகப் பிடித்துக்கொண்டு, தேவை தீர்ந்ததும் தூக்கிப் போட்டார்கள். ஒரு வார்த்தை, அக்கா, ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவமானத்தில் சோறு இறங்கவில்லை.

மச்சானிடம் சொல். அவர் அன்றைக்கே சொன்னார்.

கியெம்


ராச் சாய்
7 ஜூன் 1965

கியெம்,

உனக்கு அவமானம். உனக்குச் சோறு இறங்கவில்லை. சரி.

மச்சானிடம் சொல்லச் சொல்லியிருக்கிறாய். தோப்புக்குப் போய்ச் சொன்னேன். அங்கேதான் அவரைப் புதைத்திருக்கிறோம்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், தெத் முடிந்து பத்தாம் நாள். பண்டிகைக்குத் தேங்காய் எல்லாம் தீர்ந்துபோயிருந்தது. வாத்துக்குத் தீனி வைக்கவும் ஆளில்லை. காவலாளியிடம் சொல்லிவிட்டுத்தான் போனார், அவனே கதவைத் திறந்துவிட்டான். கூடப் போனது பக்கத்து வீட்டு ஹோ. உயிரோடு திரும்பி வந்தவன் ஹோ மட்டும்தான், அதுவும் ஒரு காலோடு. விமானம் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத் தாழ்ந்து வந்ததாம். "ஓடுடான்னு கத்தினேன், அக்கா. தோங் ஓடலை. 'என் மச்சினன் இருப்பான்டா'ன்னு சிரிச்சிக்கிட்டே கையை ஆட்டினான்." ஹோ சொன்ன வார்த்தையை அப்படியே எழுதியிருக்கிறேன், கூட்டவில்லை, குறைக்கவில்லை. போகாதீர்கள் என்று நீ எழுதியது அவரைப் புதைத்த பிறகுதான் வந்து சேர்ந்தது.

மாவட்ட அலுவலகத்துக்குப் போனேன். சென் குட்டியையும் இழுத்துக்கொண்டு போனேன். "யாரு போட்டது?" என்று அங்கிருந்த அதிகாரியிடம் கேட்டேன்.

"நம்ம விமானப்படைதான்."

"ஓட்டினவன் வெள்ளைக்காரன்னு ஊரே சொல்லுது."

"பின்னாடி நம்மாளு ஒருத்தன் இருந்தானில்ல? அப்ப அது நம்ம விமானம்தான். நம்மாளு நம்மாளைத் தெரியாமச் சுட்டதுக்கு நான் எந்த அமெரிக்கன்கிட்டப் போய்க் கேக்கறதும்மா? போயிட்டு வா."

தேநீர் ஆறுகிறதே என்ற கவலைதான் அவர் முகத்தில் இருந்தது.

அந்த நம்மாள் நீயா, பாத்திரம் தேய்க்கிறவனா, வேறு எவனாவதா, எனக்குத் தெரியாது. இரண்டு வருஷமாக இரண்டு விதமாகவும் நினைத்துப் பார்த்துவிட்டேன். எவனாக இருந்தாலும், அவன் அங்கே உட்கார்ந்திருந்ததால்தான் அந்த அதிகாரிக்கு எனக்குச் சொல்ல ஒரு பதில் கிடைத்தது. உங்களை வெறும் மூட்டையாக அவர்கள் ஏற்றவில்லை, கியெம். பழியைச் சுமக்க ஏற்றினார்கள்.

ஏன் இவ்வளவு நாள் எழுதவில்லை என்று கேட்பாய். எழுதினால் நீ அழுவாய். மன்னிப்புக் கேட்பாய். நான் மன்னித்தாக வேண்டியிருக்கும். எனக்கு மன்னிக்க மனமில்லை. இன்றைக்கும் இல்லை. உன் கடிதத்தைப் படித்த ஆத்திரத்தில் எழுதிவிட்டேன்.

பதில் போடாதே.

தாம்


பியென் ஹொவா
15 நவம்பர் 1970

அன்புள்ள அக்காவுக்கு,

நீ சொன்னபடி பதில் போடாமல் இருந்தேன். இதுவும் அதற்குப் பதில் இல்லை. மன்னிப்பும் கேட்கப் போவதில்லை.

அது என் விமானமா என்று விசாரித்தேன். தளத்தில் யாருக்கும் தெரியவில்லை, தெரிந்துகொள்ள யாருக்கும் அக்கறையும் இல்லை. விட்லாக் எங்கேயோ சோளம் விளைவித்துக்கொண்டிருப்பார். அன்றைய தினம் நான் பறந்தேனா என்பதுகூட எனக்கு நினைவில்லை. இதைச் சொல்லும்போது என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

அமெரிக்கர்கள் கிளம்புகிறார்கள். இத்தனை வருஷம் இங்கே அரைக்கோடி மரத்தைக் கருக்கி, அவர்களிலும் ஆயிரக்கணக்கில் செத்த பிறகு, அவர்கள் ஊரில் ஜனம் கூட்டம் கூடிப் போதும் என்று கத்துகிறதாம். அதனால் இப்போது புதுப் பேச்சு. போரை வியட்நாமியரிடம் ஒப்படைக்கிறார்களாம். நேற்று ஓர் அமெரிக்க மேஜர் எங்களை வரிசையில் நிறுத்தி, "பசங்களா, இனிமே இது உங்க சண்டை" என்று வாழ்த்துச் சொன்னார். என் பக்கத்தில் நின்றவன் காதோடு கேட்டான்: "அப்ப இதுவரைக்கும் செத்ததெல்லாம் யாரு சண்டையிலடா?"

எனக்கு ஆங்கிலம் தெரியும் என்பதால் என்னை விமானியாக்கப் போகிறார்களாம். டெக்சாஸ் என்ற ஊரில் பயிற்சி. இந்த முறை நிஜப் பயிற்சி, முன்னிருக்கை. முடியாது என்றால் மறுபடி குண்டு ஏற்றுகிற வேலை. ஏற்றினாலும் அதே குண்டுதான்.

உன்னிடம் அனுமதி கேட்க எனக்கு உரிமை இல்லை. தெரிவிக்கிறேன்.

கியெம்


ராச் சாய்
11 ஜனவரி 1971

கியெமுக்கு,

நானும் சென்னும் உயிரோடு இருக்கிறோம்.

முதலில் அவர்களுக்கு உன் உடம்பு மட்டும் தேவைப்பட்டது, பழி நம்மேல் விழ வேண்டும் என்று. பிறகு நம்மைப் பார்த்து வெட்கப்படவே தேவையில்லை என்று ஆனது, உன்னை இறக்கிவிட்டார்கள். இப்போது வீட்டுக்குப் போக வேண்டும், அதனால் விமானத்தையும் பழியையும் சேர்த்தே உன் மடியில் வைக்கிறார்கள். எத்தனை தரம் மாறினாலும் அவர்கள் சௌகரியத்துக்குத்தான் மாறியது. நாங்கள் கீழே இருப்பது மட்டும் மாறவே இல்லை.

போகாதே என்றும் சொல்ல மாட்டேன், போ என்றும் சொல்ல மாட்டேன். ஒன்று மட்டும். என்னைப் போல எவளாவது ஒருத்தி அந்த மாவட்ட அலுவலக மேசைக்கு முன்னால் போய் நின்று "யாரு போட்டது?" என்று கேட்டால், நான்தான் என்றோ, நான் போடவில்லை என்றோ உன் வாயால் நீயே சொல்ல முடிய வேண்டும். முடியுமா என்று யோசித்துவிட்டுப் போ.

தாம்


பியென் ஹொவா, ராணுவக் காவல் அறை
28 அக்டோபர் 1972

அன்புள்ள அக்காவுக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை. காவலில் வைத்திருக்கிறார்கள், அடிக்கவில்லை. நீயும் சென்னும் சுகமாக இருக்க வேண்டும்.

ஜூன் மாதம் டெக்சாஸிலிருந்து திரும்பினேன். சிறிய ஜெட் விமானம் கொடுத்தார்கள், என் கையில். இந்த மாதத் தொடக்கத்தில் டெல்டாவில் ஒரு தோப்பை அடிக்கச் சொல்லி ரேடியோவில் உத்தரவு. உத்தரவிட்டவனும் நம்மாள், ஓட்டியவனும் நம்மாள். "தோப்புக்குள்ள ஆள் நடமாட்டம். போடு" என்றான். நான் இன்னும் தாழ்த்தினேன். வாழைமரத்தடியில் ஒரு படகு, கூடைகள், ஓலைத்தொப்பி போட்ட நாலைந்து பேர். "கூடை தெரியுது. துப்பாக்கி தெரியலை" என்றேன். "உன்னைப் பாக்கச் சொல்லலை, போடச் சொன்னேன்" என்றான்.

அவர்கள் யாரென்று எனக்கு இன்றும் தெரியாது, அக்கா. கூடைக்குள் துப்பாக்கி இருந்திருக்கலாம். தெரியாததால்தான் போடவில்லை. ஆற்று முகத்துவாரத்துக்குப் போய்க் குண்டுகளைக் கடலில் கொட்டிவிட்டுத் திரும்பினேன். இயந்திரக் கோளாறு என்று சொல்லித் தப்பியிருக்கலாம், எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள். நான் இறங்கியதும், போடவில்லை, போட மனமில்லை என்று தளபதியின் முகத்துக்கு நேராகச் சொன்னேன்.

மேசையில் ஓங்கி அடித்தார். "அமெரிக்கன் சொன்னப்பல்லாம் பின்னாடி உக்காந்துட்டுப் போனவன்தானடா நீ! இப்ப இது நம்ம சண்டை. இப்பப் போட மாட்டியா?"

"நம்ம சண்டைன்னா, வேணாம்னு சொல்லவும் நமக்கு உரிமை இருக்கணும் சார். இல்லன்னா இது இன்னும் அவங்க சண்டைதான்."

பதவியைப் பறித்தாயிற்று. விசாரணை முடிந்ததும் காலாட்படைக்கு, எங்காவது மலையோரக் காவலுக்கு அனுப்புவார்களாம். அதற்கு முன், தெத்தை ஒட்டிச் சில நாள் விடுப்பு உண்டு என்கிறார்கள். எங்கே போவது என்று யோசிக்கவில்லை.

இதைச் சொல்லி உன்னிடமிருந்து எதையும் வாங்கிக்கொள்ளப் பார்ப்பதாக நினைக்காதே. ஆத்திரம்தான் எனக்கு. பத்து வருஷம் கழித்துச் சொன்னதை முதல் நாளே சொல்லியிருக்கலாம்.

கியெம்


ராச் சாய்
30 ஜனவரி 1973

தம்பிக்கு,

நானும் சென்னும் சுகம். உன் கடிதத்துக்கு உடனே எழுத உட்கார்ந்தேன். ஒவ்வொரு முறையும் ஆத்திரம் வந்து எழுந்துவிட்டேன். இந்தக் கடிதத்தை சைகோனுக்குப் போகும் படகுக்காரரிடம் கொடுத்தனுப்புகிறேன், தபாலை நம்பவில்லை.

பாரிஸில் கையெழுத்துப் போட்டுவிட்டார்களாம், சமாதானமாம், அமெரிக்கர்கள் கடைசி ஆள்வரை போகிறார்களாம். ரேடியோவில் பாட்டுப் போடுகிறார்கள். இதை எழுதும்போதே ஆற்றுக்கு அப்பால் பீரங்கிச் சத்தம் கேட்கிறது. அவர்களுக்கு முடிந்துவிட்டது. எங்களுக்கு எப்போது முடியும் என்று எந்த ரேடியோவும் சொல்லவில்லை.

உன்னை மன்னித்துவிட்டேன் என்று எழுதினால் பொய். கடலில் கொட்டினாய், நல்லது. நீ விட்டுவிட்ட அந்தப் படகுக்காரர்கள் வீட்டில் அன்றைக்கு உலை கொதித்திருக்கும். உன் மச்சான் போன அன்று என் வீட்டில் கொதிக்கவில்லை. இரண்டையும் ஒரு தராசில் வைக்க என்னால் முடியாது.

ஆனால் உன் மச்சானுக்குத் திதி கொடுக்க ஆண் துணை இல்லாமல் இத்தனை வருஷம் நானும் சென்னும் மட்டுமே தோப்புக்குப் போய்வந்துகொண்டிருக்கிறோம். ஹோ ஒற்றைக் காலோடு வந்து ஊதுவத்தி ஏற்றுவான். தெத் முடிந்து பத்தாம் நாள் வருகிறது. உன் விடுப்பு அதுவரை இருந்தால் வா. சீருடையில் வராதே. அவருக்குப் பிடித்த கருவாட்டுக் குழம்பு வைப்பேன், நீயும் சாப்பிடு. ஹோ உன்னை ஏசுவான், வாயை மூடிக் கேட்டுக்கொள். அவருக்கு என்ன சொல்ல வேண்டுமோ அதை அவர் தலைமாட்டில் நின்று நீயே சொல். நான் கேட்க மாட்டேன், தள்ளி நிற்பேன்.

நான் துறைக்கு வர மாட்டேன், என்னால் முடியாது. என் பதிலாக சென் வருவாள். அவள் வளர்ந்து பெரியவளாகிவிட்டாள், அப்பாவின் உயரம். உன் முகம் அவளுக்கு ஞாபகமில்லை. பக்கத்தில் போய் நின்றால், யார் நீங்கள் என்றுதான் கேட்பாள்.

நீயே சொல்.

அக்கா
தாம்